பூனைகள் ஏன் செத்துக் கிடந்தன?

2015 டிசம்பரில் 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' கேமில் பூனைகள் சாக ஆரம்பித்தன. சண்டை எதுவும் நடக்கவில்லை. பட்டினியும் இல்லை. கோட்டைக்குள் புதிதாகக் கட்டிய மதுக்கூடத்தில், வாந்திக்கு நடுவில், பூனைகள் செத்துக் கிடந்தன. ஆடியவர்கள் குழம்பிப்போய் பக் ரிப்போர்ட் போட்டார்கள். கேமை எழுதிய டார்ன் ஆடம்ஸுக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. கோடைத் தோண்டிப் பார்த்து அவர் கண்டுபிடித்த காரணம் இதுதான்.

அந்த மாத அப்டேட்டில்தான் மதுக்கூடங்கள் வந்திருந்தன. ட்வார்ஃப்கள் குடிக்கும்போது தரையில் மது சிந்தும். பூனை அதன்மேல் நடந்தால் பாதத்தில் மது ஒட்டும். பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் என்று வேறு எதற்காகவோ எழுதிய விதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. நக்கினால் ஒட்டியிருப்பது வயிற்றுக்குள் போகும். மது உள்ளே போனால் உடம்பின் அளவுக்குத் தக்கபடி போதை ஏறும். இத்தனை விதிகளும் சரியாகவே வேலை செய்தன. ஒரே ஒரு இடத்தில்தான் அளவு பிசகியிருந்தது. பாதத்தில் ஒட்டிய துளியை நக்கினாலும் ஒரு முழுக் குவளை உள்ளே போனதாகக் கணக்கு. சின்ன உடம்பு, முழுக் குவளை. முடிந்தது கதை.

கேம் உலகில் இது பிரபலமான கதை. சொல்லும்போது பலரும் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. அந்தப் பூனை திரையில் பூனையாக இல்லை. கறுப்புத் திரையில் அது 'சி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. பாதம், நாக்கு, வயிறு, போதை எல்லாம் அந்த எழுத்துக்குப் பின்னால் எண்களாக நடந்தன. எதுவும் கண்ணில் படாது. பூனை ஏன் செத்தது என்று கேம் யாருக்கும் சொல்லவும் இல்லை. எழுதியவரே துப்பறிய வேண்டியிருந்தது.

காலனி சிமுலேஷன் கேம்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆழமா மெருகா என்ற சண்டை வரும். ஆழம் என்றால் உள்ளே எவ்வளவு நடக்கிறது. மெருகு என்றால் வெளியே எவ்வளவு அழகாக, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தராசில் வைத்துப் பேசுவது வழக்கம். பகலில் கோட் எழுதிவிட்டு ராத்திரியில் இந்தக் கேம்களை ஆடும் எனக்கு அந்தத் தராசு போதவில்லை. இந்தக் கேம்களின் இருபதாண்டு வரலாற்றைப் பார்த்தால், எதற்கும் 'ஏன்' என்று கேட்டால் கேம் பதில் சொல்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வியாக இருந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் உண்டு: அந்தப் பதிலைக் கட்டி முடிக்கும்வரை கட்டுகிறவர் எதை வைத்துச் சாப்பிடுவார்?

*

இந்த வகைக் கேம்களை ஆடாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஒரு கைப்பிடி ஆட்கள், ஒரு வெறும் நிலம். அவர்களை வைத்து ஒரு குடியிருப்பை உருவாக்க வேண்டும். ஆனால் யாரையும் நேராகப் பிடித்து நகர்த்த முடியாது. 'இங்கே தோண்ட வேண்டும், அங்கே கட்டில் வேண்டும்' என்று குறித்து வைக்கலாம், அவ்வளவுதான். யார் வருவார்கள், எப்போது வருவார்கள், வழியில் யாரோடு சண்டை போடுவார்கள் என்பதெல்லாம் அவர்கள் பாடு. கூட்டுக்குடும்பத்துக் கல்யாணத்தை நடத்திவைக்கிற பெரியப்பா மாதிரிதான் நம் நிலைமை. பொறுப்பு முழுக்க நம்முடையது. யாரும் சொன்னபடி கேட்கமாட்டார்கள்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1989இல் வில் ரைட் உருவாக்கிய 'சிம்சிட்டி' ஒரு நகரத்தையே எண்களின் ஓட்டமாகப் பார்த்தது. ஜே ஃபாரெஸ்டர் என்ற பொறியியலாளர் நகரங்களைக் கணினி மாதிரியாக ஆக்கி 1969இல் எழுதிய புத்தகம் அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. 1997இல் வந்த 'டன்ஜன் கீப்பர்' மறைமுகக் கட்டுப்பாட்டைப் பழக்கியது. 2000இல் வந்த 'தி சிம்ஸ்' பசி, தூக்கம், தனிமை என்று ஒவ்வொரு ஆளுக்குள்ளும் மீட்டர்களை வைத்தது. இவையெல்லாம் நிறுவனங்களின் தயாரிப்புகள். ஓவியர்களும் இசைக்கலைஞர்களும் சம்பளத்துக்கு இருந்த இடங்கள். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை 2006இல் வந்தது.

டார்ன் ஆடம்ஸும் அண்ணன் ஜாக் ஆடம்ஸும் அமெரிக்கர்கள். தம்பி கணிதம், 2005இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். அண்ணன் பழங்கால வரலாறு படித்தவர். இருவரும் முதலில் எழுதிக்கொண்டிருந்தது 'ஆர்மாக்' என்ற 3டி கேம். அது இழுத்துக்கொண்டே போனது. ஒருபக்கம் 2002 அக்டோபரில் சின்ன அளவில் தொடங்கிய ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் வளர்ந்துகொண்டிருந்தது. 2004இல் ஆர்மாக்கை ஒதுக்கிவைத்தார்கள். 2006 ஆகஸ்ட் 8 அன்று ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸின் முதல் பதிப்பை இலவசமாக வெளியிட்டார்கள். படம் கிடையாது. பழைய ஐபிஎம் கணினிகளின் எழுத்துக்குறிகள் மட்டும். சின்ன 'டி' என்றால் நாய். பெரிய 'டி' என்றால் டிராகன். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் கோட்டை காலி.

இதை வறுமை என்று நினைக்கலாம். பொறியாளர் கண்ணால் பார்த்தால் பெரிய விடுதலை. சாதாரணமாக ஒரு கேமில் புதிதாக ஒரு மிருகத்தைச் சேர்க்க என்ன செலவாகும்? ஒருவர் வரைய வேண்டும், ஒருவர் அதை நடக்கவைக்க வேண்டும், ஒருவர் உறுமல் பதிவுசெய்ய வேண்டும், அது சுவருக்குள் புகுந்து நிற்கிறதா என்று ஒருவர் சோதிக்க வேண்டும். ஆடம்ஸ் சகோதரர்களுக்கோ ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சில வரிகள். அதற்கு உடம்பு இப்படி, எடை இவ்வளவு, குணம் இது. அன்று மாலையே அது காட்டில் உலவும். ஒரு யோசனைக்கும் அது உயிர்பெறுவதற்கும் இடையே ஓவியத்துக்காகக் காத்திருக்கும் வரிசை என்ற ஒன்று இல்லவே இல்லை.

அதனால் கேம் உள்நோக்கி வளர்ந்தது. மலை எழுந்து, மழை பெய்து, ஆறு அரித்து, அதன்மேல் நாகரிகங்கள் தோன்றி, நூற்றுக்கணக்கான வருடப் போர்கள் நடந்து முடிந்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும். 2007இல் ஒரே தளத்தில் இருந்த உலகம் மேலும் கீழும் பல அடுக்குகளாக விரிந்தது. 2010இல் உடம்புகளுக்குத் தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று அடுக்குகள் வந்தன. ஈட்டி எந்த அடுக்குவரை இறங்கியது என்று சண்டைக் குறிப்பில் எழுதும். சுவரில் சிற்பம் செதுக்கும் ட்வார்ஃப், அந்த உலகின் வரலாற்றில் உண்மையில் நடந்த சம்பவம் ஒன்றைச் செதுக்கக்கூடும்.

இதெல்லாம் சும்மா எண்ணிக்கை கூட்டுவதற்காக வந்ததில்லை. அண்ணன் சிறுகதைகள் எழுதுவார். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்தக் கதையை அலசுவார்கள். இந்தக் கதை நம் கேமுக்குள் தானாக நடக்க வேண்டுமென்றால் எதெல்லாம் கோடாக வேண்டும்? பொறாமை வேண்டுமா, வாரிசுரிமை வேண்டுமா, காட்டிக்கொடுப்பது வேண்டுமா? அந்தப் பட்டியலிலிருந்து அடுத்த வேலைகள் பிறக்கும். நான் பார்த்த அலுவலகங்களில் அடுத்து என்ன செய்வது என்பதை முடிவுசெய்வது கஸ்டமர் கூட்டமும் எக்ஸெல் ஷீட்டும்தான். ஒரு சிறுகதையை ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட் ஆக்கிய மென்பொருள் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

*

ஆழத்துக்கு ஒரு பெரிய கஷ்டம் உண்டு. அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸின் படத்தை யாருக்காவது காட்டினால் 'கணினி கெட்டுப்போச்சா?' என்றுதான் கேட்பார்கள். ஆகவே அது வாய்வழிக் கதையாகப் பரவியது. 2006-07இல் இணைய நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரே கோட்டையை ஆளுக்கு ஒரு விளையாட்டு வருடம் என்று ஆடி, அடுத்தவருக்குக் கைமாற்றி, நடந்ததை எழுதிக்கொண்டே போனார்கள். 'போட்மர்டர்ட்' என்ற அந்தக் கோட்டையின் கதையில் யானைக்கூட்டம் வாசலில் நின்று துவம்சம் செய்கிறது. ஆத்திரத்தில் எரிமலைக் குழம்பைத் திறந்துவிடுகிறார்கள். கடைசியில் எல்லாம் தீயிலும் பைத்தியத்திலும் முடிகிறது. கேமைத் தொட்டே பார்க்காதவர்களும் அதைப் படித்துச் சிரித்தார்கள். தோற்பதுதான் ஜாலி என்பது அந்தக் கேமின் அறிவிக்கப்பட்ட கொள்கை.

ஆனால் படித்துச் சிரித்துவிட்டு டவுன்லோட் செய்தவர்களில் ஆடியவர்கள் எத்தனை பேர்? மவுஸ் உதவாது. ஒரு மெனுவில் மேலே கீழே போக அம்புக்குறி. இன்னொரு மெனுவில் கூட்டல், கழித்தல் குறி. எந்த ட்வார்ஃபுக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொடுப்பது அவ்வளவு சிரமமாக இருந்ததால், அதற்கென்றே 'ட்வார்ஃப் தெரபிஸ்ட்' என்று தனி மென்பொருளை ஆடுபவர்களே எழுதிக்கொண்டார்கள். 2012இல் ஓரைலி பதிப்பகம், ஆமாம், அட்டையில் மிருகப் படம் போட்டு புரோகிராமிங் புத்தகம் விற்கும் அதே ஓரைலி, இந்தக் கேமை எப்படி ஆடுவது என்று ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டது. அதே ஆண்டு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்த முதல் 14 வீடியோ கேம்களில் இதுவும் ஒன்று. அருங்காட்சியகத்தில் இடம் பிடித்த ஒரு கேமை ஆட வழிகாட்டிப் புத்தகம் தேவைப்பட்டது. இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள்.

*

சில மாதங்கள் கழித்து, 2013இல், அதே ஓரைலி இன்னொரு புத்தகம் போட்டது. கேம்களை எப்படி வடிவமைப்பது என்பது பற்றி. எழுதியவர் டைனன் சில்வெஸ்டர் என்ற கனடாக்காரர். 'பயோஷாக் இன்ஃபினிட்' செய்த ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். அந்த ஆண்டே அவர் ஒரு கட்டுரையும் எழுதினார். அதன் சாரம்: கேமுக்குள் ஓடும் மாதிரி ஒன்று, ஆடுபவரின் மண்டைக்குள் ஓடும் மாதிரி இன்னொன்று. முதலாவதில் நடப்பது இரண்டாவதுக்கு வந்து சேரவில்லை என்றால் அது நடக்காததற்குச் சமம். ஆடுபவருக்குத் தெரியாத சிக்கல் வெறும் இரைச்சல்.

பூனைக் கதையின் மேல் இதை வைத்துப் பாருங்கள். மது, பாதம், நாக்கு, வயிறு என்ற அந்த அற்புதமான சங்கிலி, ஆடியவர் கண்ணுக்கு 'காரணமில்லாமல் பூனை செத்தது' என்று மட்டுமே வந்து சேர்ந்தது.

அந்த யோசனையை அவர் 'ரிம்வேர்ல்ட்' என்ற கேமாகக் கட்டினார். 2013 அக்டோபரில் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, 2016 ஜூலையில் ஸ்டீமில் ஏர்லி ஆக்சஸ் வந்து, 2018 அக்டோபரில் 1.0 ஆனது. விண்கலம் நொறுங்கி அந்நிய கிரகத்தில் விழுந்த மூன்று பேர் என்று கதை தொடங்கும். தூண்டுதல்களில் ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸும் ஒன்று என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ரிம்வேர்ல்ட் ஒன்றும் அழகான கேம் இல்லை. ஆட்களுக்குக் கையும் காலும் வரையப்பட்டிருக்காது. தலையும் உடம்புமாக வழுக்கிக்கொண்டு போவார்கள். ஆனாலும் அதை மெருகான கேம் என்று எல்லாரும் சொல்கிறோம். ஏன்? ஒரு ஆளைச் சொடுக்கினால் அவர் மனநிலை எண்களாகப் பிரிந்து விரியும். அழகான அறை, கூட்டல். நண்பன் சாவு, கழித்தல். மேஜை இல்லாமல் சாப்பிட்டது, கழித்தல் 3. இந்தக் கடைசி ஒன்று ஆடுபவர்களிடையே நிரந்தர ஜோக். அண்ணன் தம்பியைப் பறிகொடுத்து, காலில் குண்டு வாங்கி, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள், கடைசியில் சோற்றுத்தட்டு வைக்க மேஜை இல்லையே என்று உடைந்துபோய் வீட்டுக்குத் தீ வைப்பார். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அவர் ஏன் உடைந்தார் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்தால் அதுவே ஒரு சின்னக் கதை.

இரண்டாவது முடிவு இன்னும் துணிச்சலானது. ரிம்வேர்ல்டில் உலகம் தன்பாட்டுக்கு நடப்பதில்லை. கசாண்ட்ரா, ஃபீபி, ராண்டி என்று கதைசொல்லிகள் இருக்கிறார்கள். நாம் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்போது கொள்ளையர் வர வேண்டும், எப்போது கொஞ்சம் மூச்சுவிட நேரம் தர வேண்டும் என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். உங்களிடம் சொத்து சேரச் சேர வரும் கொள்ளைக்கூட்டமும் பெரிதாகும். ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸில் படையெடுத்து வருபவர்களுக்குப் பின்னால் ஒரு நாகரிகமும் ஊரும் பழைய போர்களும் இருக்கும். ரிம்வேர்ல்டின் கொள்ளையர்கள் கதைக்குத் தேவைப்பட்ட நேரத்தில் பிறந்து வருகிறவர்கள். இதை இழப்பு என்று சொன்னால் இழப்புதான். உலகத்துக்கு நீளமான ஞாபகம் கிடையாது. நிலம் ஒரே தளம்தான். தோண்டி இறங்குவதற்குப் பாதாளம் கிடையாது. சில்வெஸ்டர் ஆழத்தைக் குறைக்கவில்லை, அதன் இருப்பிடத்தை மாற்றினார் என்று நான் சொல்வேன். உலகத்திலிருந்து எடுத்து, பத்துப் பேரின் மனசுக்குள் வைத்தார்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. வான்கூவரின் க்ளே ஸ்டூடியோ 2017இல் ஏர்லி ஆக்சஸ் கொண்டுவந்து 2019 ஜூலையில் முழுமையாக வெளியிட்ட 'ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட்'. ஒரு விண்கல்லின் வயிற்றுக்குள் அடைபட்ட ஆட்கள் மூச்சுவிட வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை. பார்க்க சனிக்கிழமைக் காலை கார்ட்டூன் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது வாயுக்களும் வெப்பமும். கரியமில வாயு கனமானது, கீழே தங்கும். ஹைட்ரஜன் மேலே போகும். ஒரு இயந்திரத்தைக் குளிர்வித்தால் அந்தச் சூடு வேறு எங்கேயோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். கல்லூரியில் தெர்மோடைனமிக்ஸ் தேர்வுக்கு நான் படித்ததைவிட இந்தக் கேமில் ஒரு மிளகுச்செடியைக் காப்பாற்றுவதற்காக யோசித்தது அதிகம்.

இந்தக் கேமின் தந்திரம் ஒரு சின்னப் பொய்யில் இருக்கிறது. ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும். நிஜத்தில் வாயுக்கள் கலக்கும், இங்கே கலக்காது. இயற்பியல் ஆசிரியர் முகம் சுளிப்பார். ஆனால் இந்தப் பொய்யால்தான் ஆக்ஸிஜன் எங்கே, விஷவாயு எங்கே என்று நிறம் பூசிக் காட்ட முடிகிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் வெப்பம், இன்னொன்றைத் தட்டினால் மின்சாரம், இன்னொன்றில் குழாய்கள். ஆள் மூச்சுத்திணறிச் செத்தால் திரையைப் பார்த்தாலே காரணம் தெரியும். அதற்கான விலையும் உண்டு. அங்கே குழாய்கள்தான் நாயகர்கள், மனிதர்கள் மெல்லியவர்கள். ரிம்வேர்ல்டில் செத்தவர் பெயரை மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கிறேன். இதில் ஒருவர் பெயரும் நினைவில்லை.

*

மெருகிலிருந்து தொடங்கியவர்களின் கதையும் இருக்கிறது. 2013இல் 'ஸ்டோன்ஹார்த்' கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தபோது எல்லாரும் வாயைப் பிளந்தோம். ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸின் கனவு, ஆனால் பொம்மை வீடு மாதிரி கொஞ்சும் அழகு. ஏழு லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. 2016இல் ரயட் கேம்ஸ் அந்த ஸ்டூடியோவை வாங்கியது. 2018 ஜூலையில் 1.0 வந்தது. அத்தோடு வளர்ச்சியும் நின்றது, சொல்லியிருந்த சில அம்சங்கள் வந்து சேராமலே. மிச்சத்தை ஆடுபவர்கள் தங்கள் மாட் மூலம் இன்றுவரை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்பே 2012 இறுதியில் ஸ்டீமுக்கு வந்த 'டவுன்ஸ்', முடிவடையாத நிலையிலேயே 2014இல் கைவிடப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஏர்லி ஆக்சஸ் என்ற வார்த்தையையே சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் இந்த மாதிரிக் கதைகளிலிருந்து வந்ததுதான்.

அழகாக இருந்ததுதான் தவறு என்று நான் சொல்லவில்லை. முதல் நாளிலேயே முகம் அழகாக இருந்தால், அதன்பின் சேர்க்கும் ஒவ்வொன்றும் அதே அழகோடு வர வேண்டும். புதிய மிருகம் ஒன்றுக்கு நான்கு பேரின் வேலை என்று மேலே சொன்ன கணக்கு, ஒவ்வொரு யோசனைக்கும் பொருந்தும். பத்தாவது யோசனையில் மூச்சு வாங்கும். நூறாவது யோசனை வரவே வராது. காலனி சிமுலேஷனோ நூறாவது யோசனையும் பதினேழாவது யோசனையும் எதிர்பாராமல் மோதிக்கொள்வதில்தான் உயிர்வாழ்கிறது. மதுவும் பூனையின் நாக்கும் மாதிரி.

அப்படியானால் ஆடம்ஸ் வழிதான் சரியா? அங்கேதான் சோற்றுப் பிரச்சினை வருகிறது.

டார்ன் ஆடம்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கினார். கேம் இலவசம். வருமானம் நன்கொடை மட்டும். நன்கொடை அனுப்பியவர்களுக்குச் சகோதரர்கள் கிரேயானில் ஒரு படம் வரைந்து கொடுப்பார்கள், இல்லையென்றால் ஒரு குட்டிக் கதை எழுதிக் கொடுப்பார்கள். படமே இல்லாத கேமுக்குக் கைம்மாறாகக் கையால் வரைந்த படம்! எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த விவரம் இது. பல வருடங்கள் அப்படித்தான் ஓடியது. எளிமையாக வாழ்ந்தார்கள், வாழ முடிந்தது.

பிறகு அண்ணனுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்தது. அவர் தேறிவிட்டார். ஆனால் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு என்பது நல்ல வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் விஷயம். அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால், காப்பீடு கைகொடுக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது என்று சகோதரர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். 2019 மார்ச்சில், படங்களோடு கூடிய பதிப்பு விலைக்கு வரும் என்று அறிவித்தார்கள். மான்ட்ரியலின் கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் வெளியிடும். எழுத்துகளுக்குப் பதிலாகத் தாங்களே படங்கள் வரைந்து வருடக்கணக்கில் இலவசமாகப் பகிர்ந்துகொண்டிருந்த ரசிகர்களான மேடே, அயன்ஹேண்ட் இருவரும் இப்போது சம்பளத்துக்கு வரைந்தார்கள். மவுஸ் வந்தது. கற்றுத்தரும் தொடக்க ஆட்டம் வந்தது. ட்வார்ஃப் மொழியிலேயே பாட்டு வந்தது.

2022 டிசம்பர் 6 அன்று வெளியானது. முதல் நாளில் மட்டும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பிரதிகள் போல விற்றன. சகோதரர்கள் மாதா மாதம் தங்கள் வருமானத்தை வெளியிடும் வழக்கமுள்ளவர்கள். 2022 டிசம்பர் கணக்கு 15 ஆயிரம் டாலர் சொச்சம். 2023 ஜனவரி கணக்கு 72 லட்சம் டாலர். வரிக்கே ஏறக்குறைய பாதி போகும் என்றாலும், மருத்துவமனைப் பயம் அந்த ஒரே மாதத்தில் தீர்ந்தது.

இதை 'மெருகு ஜெயித்தது' என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். படம் போட்டதும் காசு கொட்டியது, பதினாறு வருடம் முன்பே போட்டிருக்கலாமே என்று. 2006இல் படம் போட்டிருந்தால் அந்தக் கேமே இருந்திருக்காது என்பதுதான் என் வாசிப்பு. அன்று விற்றது படங்கள் இல்லை. பதினாறு வருடமாகக் கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு, ஆனால் உள்ளே போக முடியாமல் வாசலில் நின்றவர்களுக்குக் கதவு திறந்தது. பின்னால் அவ்வளவு பெரிய வீடு இல்லாமல் வெறும் கதவை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள்.

அந்தக் கதவுக்கும் விலை உண்டு. இப்போது புதிய மிருகம் சேர்த்தால் படம் வரைய வேண்டும். எழுத்துக் காலத்தில் இருந்த சாகசப் பயண ஆட்டம், புதிய பதிப்பில் முழுமையாகத் திரும்பி வர 2025 ஜனவரி ஆனது. மாலைக்குள் யோசனை உயிர்பெற்ற காலம் போய்விட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் வந்ததால் நாய்க்கும் டிராகனுக்கும் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் ஒரு ட்வார்ஃப் ஏன் அழுகிறாள் என்று தெரிந்துகொள்ள இன்னும் பத்தி பத்தியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு மெருகு வந்துவிட்டது. காரணத்துக்கு மெருகு இன்னும் பாதி வழியில் நிற்கிறது. சில்வெஸ்டர் பத்து வருடம் முன்பே தீர்த்த பிரச்சினை அது.

யாராவது என்னிடம் எதை ஆடலாம் என்று கேட்டால் ரிம்வேர்ல்ட் என்று சொல்கிறேன். எதைப் பற்றிப் படிக்கலாம் என்று கேட்டால் ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ். முன்னது தன் ஆழம் முழுவதையும் நமக்குக் காட்டிவிடுகிறது. அதனால் முந்நூறு மணி நேரத்தில் அதன் தரை காலில் தட்டுகிறது. பின்னதில் நமக்குத் தெரியாமலேயே எவ்வளவோ நடந்து முடிந்துவிடுகிறது. ஆடுபவருக்குத் தெரியாதது வெறும் இரைச்சல் என்ற சில்வெஸ்டரின் வாதத்தை நான் முக்கால்வாசி ஏற்கிறேன். மிச்சக் கால்வாசியில் அந்தப் பூனைகள் இருக்கின்றன. யாரும் கவனிக்காத விதிகள் ஒருநாள் தாங்களாகவே கைகோத்துக்கொண்டு, எழுதியவரையே ஆச்சரியப்படுத்தின. அளவாக, காட்டுவதற்கு மட்டுமே கட்டிய கேமில் அப்படி ஒரு நாள் வராது.

அப்படிப்பட்ட நாளுக்காக இருபது வருடம் காத்திருக்க இரண்டு பேருக்கு முடிந்தது. அவர்களுக்குப் படிப்பு இருந்தது, எளிமையாக வாழும் மனசு இருந்தது, கிரேயான் படத்துக்குப் பணம் அனுப்பும் வாசகர்கள் போன்ற ரசிகர்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் ஒரு நோய் வந்ததும் கணக்குப் போட வேண்டியிருந்தது. இன்று ஸ்டீமில் ஒரு புதிய காலனி சிமுலேஷன் வந்தால் முதலில் ட்ரெய்லரைப் பார்க்கிறோம். அழகாக இல்லையென்றால் கடந்துபோகிறோம். அங்கே கறுப்புத் திரையில் எழுத்துகளை வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் பூனையின் நாக்கை எழுதிக்கொண்டிருக்கலாம். அவருக்கு நாம் கொடுக்கும் நேரம் பதினைந்து நொடி.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸின் பழைய எழுத்துப் பதிப்பு இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. கோடிகள் வந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. பொறுமை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். கோட்டை அநேகமாகச் சாயங்காலத்துக்குள் விழுந்துவிடும். ஏன் விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். கேம் சொல்லாது. தேடிக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.